சேலத்தில் பாடி கட்டிய ரோல்ஸ் ராய்ஸ் ஒரிஜினல் ஆகுமா?

26 மே 2024, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

கோடை விழாவுக்கு ஏற்காடு போயிருந்தேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸ் நின்றது. திறந்த பாடி, கரும்பச்சை நிறம். "ரோல்ஸ் ராய்ஸ் 20/25, 1931, முழுவதும் மீட்டெடுக்கப்பட்டது" என்று பலகை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், பாடி சேலத்தில் கட்டியது என்றார். பாடி சேலம், மரம் சேலம், பெயின்ட் சேலம், சீட்டும் சேலம். அப்புறம் இதில் எது 1931? லண்டனில் கட்டிய பாடியை அப்படியே மறுபடி செய்திருக்க வேண்டும், முடியாவிட்டால் வண்டியைத் தொட்டிருக்கவே கூடாது. இதை ஒரிஜினல் என்று காட்டுவது ஏமாற்று வேலை என்பது என் கருத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

26 மே 2024, இரவு

அந்த வண்டியில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். ஏமாற்று என்ற வார்த்தை வலிக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். 1931-இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழு கார் விற்கவில்லை, சேசிஸ் விற்றது, அதாவது பாடி இல்லாத ஓடும் எலும்புக்கூடு. பாடி எப்போதுமே வேறு ஒருவர் கட்டியதுதான்.

27 மே 2024, காலை

நேற்று கோபத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன். இப்போது ஒழுங்காக.

20/25 என்பது 1929 முதல் 1936 வரை டெர்பி தொழிற்சாலையில் செய்த மாடல். ஏறத்தாழ 3,800 சேசிஸ் வெளியே போயின. ஆறு சிலிண்டர், 3,669 சிசி. இதற்கு முன்னால் இருந்த 'ட்வென்ட்டி' 3,127 சிசி. பெயரில் இருக்கும் 25 இன்ஜினின் உண்மையான சக்தி இல்லை. அப்போதைய பிரிட்டிஷ் வரிக் கணக்கு அது. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். இதில் விட்டம் மூன்றே கால் அங்குலம், கணக்குப் போட்டால் 25.3 வரும். உண்மையில் எத்தனை குதிரைத் திறன் என்று அந்தக் கம்பெனி சொல்லும் வழக்கமே கிடையாது.

வாங்குகிறவர் சேசிஸுக்குப் பணம் கட்டுவார். ரேடியேட்டர், இன்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், சக்கரம் எல்லாம் அதில் இருக்கும். அதை ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்ட், த்ரப் அண்டு மேபர்லி மாதிரி ஒரு பட்டறைக்கு அனுப்பி, தனக்குப் பிடித்த பாடியைக் கட்டிக்கொள்வார். ஒருவர் மூடிய வண்டி கேட்பார், ஒருவர் திறந்த வண்டி கேட்பார். ரோல்ஸ் பெயரில் கம்பெனியே பாடியோடு முழுசாகச் செய்து விற்ற முதல் கார் 1949-இல் வந்த சில்வர் டான்.

சேலத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. லேலண்டு சேசிஸ் வெறும் எலும்புக்கூடாக, டிரைவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டி வருவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நாமக்கல் போனால் லாரி ஆகும், கரூர் போனால் பஸ் ஆகும். அந்த லாரியை யாராவது ஒரிஜினல் இல்லை என்கிறோமா?

நம் வண்டியின் கதை. மேலே ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு மூடிய பாடியோடு வந்தது. ஆஷ் மரச் சட்டம், மேலே அலுமினியத் தகடு. ஆஷ் நன்றாக வளையும், இழுப்புத் தாங்கும், ஆனால் ஈரமும் பூச்சியும் அதற்கு ஆகாது. ஏற்காட்டு மழையும் பனியும் இருபது வருடத்தில் அந்தச் சட்டத்தைத் தின்றுவிட்டன. ஐம்பதுகளில் எஸ்டேட்காரர் வண்டியைக் கீழே இறக்கி, சேலத்து ஆசாரி ஒருவரிடம் தேக்கில் திறந்த பாடி கட்டிக்கொண்டார். இப்போது நீங்கள் பார்த்தது அதுதான். எழுபது வயதை நெருங்கும் பாடி.

ரேடியேட்டர் முகப்பில் ஆர்.ஆர். எழுத்து சிவப்பாக இருந்ததைக் கவனித்தீர்களா? 1933-இல் ஹென்றி ராய்ஸ் இறந்த துக்கத்தில்தான் அதைக் கறுப்பாக்கினார்கள். அதற்கு முந்தைய வண்டி என்பதற்கு அதுவே சாட்சி.

27 மே 2024, மதியம்

விலை கேட்டு நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். விற்பனைக்கு இல்லை. எஸ்டேட் அம்மாவுக்கு 84 வயது. அவர் கணவர் ஓட்டிய வண்டி.

30 மே 2024

ஒரு திருத்தம். சிவப்பு எழுத்தைப் பற்றி நான் எழுதியது தவறு என்று இங்கே ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. ராய்ஸ் இறந்தது 22 ஏப்ரல் 1933. கறுப்புக்கு மாறும் முடிவை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பாடி நிறத்தோடு சிவப்பு ஒத்துப்போகவில்லை என்று வாங்குகிறவர்கள் சொன்னதே காரணம். ராய்ஸே ஒப்புக்கொண்ட மாற்றம் அது. துக்கக் கதையை நான் பதினைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வண்டியின் வயதுக்குச் சாட்சி எழுத்தின் நிறம் இல்லை, சேசிஸ் எண். 20/25-க்கு எல்லாமே ஜி என்ற எழுத்தில் தொடங்கும் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும். இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி ஊரில் ஹண்ட் ஹவுஸ் என்ற இடத்தில் ரோல்ஸ் ஆர்வலர் கிளப் இருக்கிறது. ஒவ்வொரு சேசிஸும் யாருக்குப் போனது, எந்தப் பட்டறையில் பாடி கட்டியது, சோதனையில் என்ன பார்த்தார்கள் என்ற பழைய அட்டைகள் அங்கே உண்டு. எண்ணைக் கொடுத்து நகல் வாங்கலாம். நாங்கள் வாங்கினோம்.

2 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "அட்டையில் மூடிய பாடி என்று இருக்கும்போது, திறந்த பாடியை ஏன் வைத்தீர்கள்?"

நேர்மையாகச் சொல்கிறேன். முதல் ஒன்றரை வருடம் நானும் உங்கள் கட்சிதான். அட்டை வந்ததும், சேலத்துப் பாடியை இறக்கிவிட்டு லண்டன் பாடியை மறுபடி கட்ட வேண்டும் என்று நின்றேன். அதே மாதிரிப் பாடி உள்ள வண்டிகளின் படங்களைச் சேர்த்தேன். அளவெடுத்து வரைபடம் போட ஒருவருக்கு முன்பணமும் கொடுத்தேன். அம்மாவிடம் போய், "பழையபடி மூடிய வண்டியாவே ஆக்கிடலாம்மா, மதிப்பு கூடும்" என்றேன். அவர் காபி ஆற்றிக்கொண்டே கேட்டார், "நான் கல்யாணமாகி வந்தப்ப ஏறுனது எந்த வண்டி கண்ணு?"

என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மனம் மாறவில்லை. மாறியது பாடியைப் பிரித்தபோதுதான்.

பின் இடது கதவின் உள்பக்கம் ரெக்சின் உறை. ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோம். உள்ளே தேங்காய் நார், அதற்குள் சுண்டெலிக் கூடு, பாதி கரைந்த ஒரு நூலகச் சீட்டு. நாரை வழித்து எடுத்த பிறகு மரம் தெரிந்தது. இழைப்புளி போன தடம் அலை அலையாக, விரல் வைத்தால் தெரிகிற மாதிரி. அதன்மேல் தச்சுப் பென்சிலில், ஈரம் தொட்டு அழுத்தி எழுதிய எழுத்து: "பி. இடது. 22 அங்கு. 3 நூல்." அதற்குக் கீழே, தனியாக ஒரு வட்டத்துக்குள், "ம 1 நூல்."

நூல் என்றால் தெரியாதவர்களுக்கு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நம் ஆசாரிகள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

டேப் வைத்துப் பார்த்தேன். 22 அங்குலம் 3 நூல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு மயிரிழை பிசகவில்லை. அன்றைக்கு ராத்திரி வரைபடக்காரருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் போனது, போகட்டும்.

வட்டத்துக்குள் இருந்ததை "மரம் 1 நூல்" என்று எடுத்துக்கொண்டேன். ஏதோ கனக் கணக்கு என்று நினைத்தேன்.

3 ஜூன் 2024

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. அந்த ஆசாரியின் வேலையில் எனக்கு ஒரே ஒரு குறை தெரிந்தது. நான்கு கதவுகளும் தூணோடு ஒட்டி உட்காரவில்லை, சுற்றிலும் இடைவெளி. காலப்போக்கில் தேய்ந்தது அல்லது அவசரத்தில் செய்தது என்று நினைத்து, தூண் பக்கம் மெல்லிய பட்டை வைத்து அடைத்தேன். இப்போது கதவு சாத்தினால் பெட்டி மூடுகிற மாதிரிச் சத்தம் கேட்கும்.

15 ஜூன் 2024

ஹெட்லைட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஏன் லேசாக மஞ்சளடிக்கிறது என்று. அது நிக்கல். குரோம் நீலம் காட்டும், நிக்கல் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும்.

இதில் எனக்கு ஒரு பெரிய மனக்கஷ்டம் நடந்தது. விளக்கு இரண்டையும் வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். நிக்கல் என்று எழுதிக் கொடுத்தும், பளபளவென்று குரோம் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். கேட்டதற்கு, "இதுதான் சார் நிக்கும்" என்றார்கள். கண்ணாடி மாதிரி மின்னியது. பார்க்கவே பிடிக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிற ஒருவர் காப்பாற்றினார். சேலத்துக் கொலுசு எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்கே தெரியும், பாலிஷ் என்றால் இங்கே பிறந்த தொழில். விளக்கு வளையத்தைக் கையில் வாங்கி, நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அண்ணா, குரோமுக்கு அடியில நிக்கல்தான் இருக்கும். நிக்கல் ஏத்தாம குரோம் பிடிக்காது. மேல் தோலை மட்டும் எடுத்துட்டா போதும், புதுசா ஒண்ணும் ஏத்த வேண்டாம்." குரோம் என்பது நிக்கலின் மேல் போர்த்திய மிக மெல்லிய படலம். அதை அமிலத்தில் கழற்றி, துணிச் சக்கரத்தில் மெதுவாகப் பிடித்து, இரண்டு நாளில் கொடுத்தார். நீங்கள் பார்த்த விளக்கு அவர் கை.

23 ஜூன் 2024

இன்ஜின் சூடாவதைப் பற்றி ஒரு ஜீப் வைத்திருப்பவர் கேட்டார். நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் செய்த தவறால் ஒரு நல்ல பேரிங் போயிற்று. வேறு யாருக்கும் அது நடக்கக் கூடாது.

முதலில் சூடு. அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் கொதிக்கும். ரேடியேட்டர்தான் என்று அதைக் கழற்றி, கோர் மாற்றி, பணம் செலவழித்தேன். சூடு குறையவே இல்லை. காரணம் பிளாக்கின் தண்ணீர் அறை. பக்க மூடியைக் கழற்றியபோது பின்பக்க இரண்டு சிலிண்டரைச் சுற்றி சிவப்புச் சேறு இறுகி, செங்கல் மாதிரி இருந்தது. எழுபது எண்பது வருடத் துருவும், சேலத்து போர் தண்ணீரின் உப்பும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்துச் சுரண்டி எடுத்தோம், ஒரு பெயின்ட் வாளி நிறைந்தது. இப்போது வெயில் காலத்திலும் கொதிப்பதில்லை. போர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மழைத் தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்தது ஆயில். இந்த இன்ஜின்களில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) பேரிங் உட்காரும் பகுதி உள்ளே குடைவாக இருக்கும். சுற்றும் வேகத்தில் ஆயிலில் உள்ள கசடு அங்கே ஒதுங்கித் தங்கிவிடும். அந்தக் காலத்து ஆயிலுக்கு அது சரி, ஏனென்றால் ஒதுங்கியது ஒதுங்கியபடியே கிடக்கும். இன்றைய ஆயிலில் அழுக்கைக் கரைக்கிற மருந்து இருக்கிறது. கிராங்கைத் திறந்து சுத்தம் செய்யாமல் நான் நல்ல மல்டிகிரேட் ஆயில் ஊற்றி ஓட்டினேன். மூன்றாவது மாதம் கன்னங்குறிச்சி அருகே அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம். உடனே நிறுத்தியும் பயனில்லை. கரைந்த கசடு ஆயில் துளையை அடைத்து, ஐந்தாவது சிலிண்டரின் பெரிய பேரிங் உருகிவிட்டது. இதில் கழற்றி மாற்றுகிற ஷெல் பேரிங் கிடையாது, ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றி, ராவிப் பொருத்த வேண்டும். கோவையில் அதைச் செய்யத் தெரிந்த ஒரு பெரியவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

பழைய இன்ஜினை எழுப்புகிற யாரும், அது எவ்வளவு அழகாக ஓடினாலும், கிராங்கைத் திறக்காமல் புது ஆயில் ஊற்றாதீர்கள்.

23 ஜூன் 2024, இரவு

ஸ்பேனர் கேட்டவருக்கு: மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றும் சேராது, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு வேண்டும். பழைய பெட்ஃபோர்டு, லேலண்டு பார்த்த லாரி மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். சங்ககிரியில் எனக்கு ஒரு முழு செட்டும் இரும்பு விலைக்குக் கிடைத்தது.

7 ஜூலை 2024

சட்டம் பற்றி. ஜூலை 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனி வகை ஆக்கினார்கள். புதிதாகப் பதிந்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு எடுக்கலாம்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது: சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். கேள்வி கேட்ட நண்பர் இதை எடுத்துப் போட்டு, "பார்த்தீர்களா" என்கிறார். நான் இப்படித்தான் பார்க்கிறேன். சேலத்துப் பாடிக்கே 50 வயது தாண்டிவிட்டது. அதை இறக்கிவிட்டு, நான் 2019-இல் லண்டன் மாதிரி ஒன்று கட்டி ஏற்றியிருந்தால், அதுதானே புதுப் பாடி?

21 ஜூலை 2024

நேற்று வண்டியை எஸ்டேட்டுக்கே கொண்டுபோய் விட்டோம். ஆறு வருடத்துக்குப் பிறகு, தன் காலால் முழு மலையும் ஏறியது. மே மாதம் விழாவுக்கு லாரியில் ஏற்றித்தான் போனோம், அதை யாரிடமும் சொல்லவில்லை.

காலை ஆறுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைத் தாண்டினோம். அடிவாரத்தில் நிறுத்தி தண்ணீர் பார்த்தோம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டி, கியர் டிரைவரின் வலது கைப்பக்கம், அதுவும் சிங்க்ரோமெஷ் (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் ஏற்பாடு) வருவதற்கு முந்தைய பெட்டி. அது 1932-இல்தான் மேல் இரண்டு கியருக்கு வந்தது. கியரைக் கீழே இறக்கும்போதெல்லாம் டபுள் கிளட்ச், அதாவது கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நேரம் தவறினால் பற்கள் கத்தும். நான் இரண்டு முறை தவறினேன்.

எட்டாவது வளைவு வரை அமைதி. இந்த இன்ஜினின் சத்தத்தைச் சொல்ல வேண்டுமென்றால், தையல் மெஷினைப் பக்கத்து அறையில் யாரோ ஓட்டுகிற மாதிரி. ஒன்பதில் இருமல். பத்தில் நின்றுவிட்டது.

எனக்குக் காரணம் தெரியும், ஆனால் மலையில் அனுபவப்பட்டதில்லை. இதில் பெட்ரோல் பம்ப் கிடையாது, ஆட்டோவாக் என்ற சின்னத் தொட்டி. இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும் அந்த இழுவையிலேயே பின் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, அங்கிருந்து கார்புரேட்டருக்குத் தானாக இறக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே ஏறினால் அந்த இழுவை குறைந்துவிடும், தொட்டி காலியாகும். பத்தாவது வளைவில் குரங்குகள் சுற்றி உட்கார்ந்து பார்க்க, தொட்டியில் கையால் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பினோம்.

மேலே போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் சொன்னது: "எங்க டிரைவர் ஒவ்வொரு திருப்பத்துலயும் காலை எடுத்துடுவார். என்னைப் பார்த்துதான் மெதுவாப் போறார்னு நெனச்சுட்டு இருந்தேன். வண்டிக்கு மூச்சு விட்டிருக்கார்."

அடுத்தது பிரேக். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு, கியர் பாக்ஸ் பக்கத்தில் சுற்றும் ஒரு சர்வோ அதற்குத் துணை. வண்டியின் ஓட்டத்திலேயே பிரேக்குக்குப் பலம் எடுக்கும் ஏற்பாடு. ஓடும்போது விரல் நுனியால் நிறுத்துகிற மாதிரி இருக்கும். வண்டி நின்றுவிட்டால் சர்வோவும் நின்றுவிடும், சரிவில் பெடலை மட்டும் நம்பக் கூடாது, கைப் பிரேக்கையும் இழுக்க வேண்டும். பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது ஒரு முழம் பின்னால் உருண்டது. பின்னால் வந்த பைக் தம்பியிடம் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

ரகசியமாக ஓர் எலெக்ட்ரிக் பம்ப் வைத்துவிடலாம் என்று கூட வந்தவர் சொல்கிறார். மேலே போய்ச் சேரும்வரை சரி என்றுதான் இருந்தேன். அம்மா சொன்னதைக் கேட்டபிறகு வேண்டாம் என்று தோன்றுகிறது. திருப்பத்துக்குத் திருப்பம் காலை எடுக்கக் கற்றுக்கொள்கிறேன்.

28 ஜூலை 2024

மேலே ஒரு வாரமாக மழை, பனி. எஸ்டேட்டிலிருந்து போன். நான்கு கதவும் இறுகிவிட்டன, பின் இடது கதவு திறக்கவே இல்லை. யாரோ இழுத்ததில் கைப்பிடி கையோடு வந்துவிட்டதாம்.

4 ஆகஸ்ட் 2024

இரண்டு நாளாகத் தூக்கமில்லை, இன்று ஒரு விடை கிடைத்தது.

பாடி கட்டிய ஆசாரியின் மகன் அம்மாப்பேட்டையில் இருக்கிறார் என்று கொலுசு பாலிஷ்காரர் தேடிப் பிடித்துச் சொன்னார். எழுபது வயது தாண்டியவர். அவரும் ஆசாரிதான், இப்போது கண் சரியில்லாததால் வேலை செய்வதில்லை. கதவின் உள்பக்கப் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். முகத்துக்கு நெருக்கமாக வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"அப்பா எழுத்துதான் தம்பி. இந்த 'ங்கு' இப்படித்தான் போடுவார்."

வட்டத்துக்குள் இருப்பது மரத்தின் கனமா என்று கேட்டேன்.

"மரம் இல்லீங்க தம்பி. மலை. மலைக்கு ஒரு நூல். வண்டி மேல போயிடும், மரம் பனி குடிச்சு ஊதும். அதுக்கு ஒரு நூல் இடம் விட்டிருக்கார். கீழ இருக்கறப்ப கதவு லொட லொடன்னுதான் இருக்கும். மேல போய் ரெண்டு நாள் நின்னா கச்சிதமா உக்காரும்."

நான் பேசவில்லை. அந்த ஒரு நூலைத்தான் நான் பட்டை வைத்து அடைத்திருந்தேன். குறை என்று இங்கேயே எழுதியும் இருக்கிறேன். 3 ஜூன் குறிப்பைப் பாருங்கள். அதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அவர் இன்னொன்றும் திருத்தினார். முழுக்கத் தேக்கு என்று நான் எழுதியது சரியில்லை. தூண்கள் தேக்கு, கதவுச் சட்டம் வாகை. கதவுக்கு அப்பா வாகைதான் போடுவாராம். தேக்கை விட வாகை ஊதும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் குறிப்பு கதவில் இருக்கிறது, தூணில் இல்லை.

5 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட நண்பருக்கு.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. பலகை தவறு. "1931, முழுவதும் மீட்டெடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால், பார்க்கிறவர் எல்லாமே 1931 என்று நினைப்பார். அது உண்மை இல்லை. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பு 2013-இல் கொண்டுவந்த டூரின் சாசனமும் அதைத்தான் வற்புறுத்துகிறது: எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்பது தெரிய வேண்டும், வண்டி வாழ்ந்த காலத்தின் தடங்களையும் மதிக்க வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன், முதலாவதைச் செய்யவில்லை.

மற்றதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. லண்டன் பட்டறைக்காரர் அருமையான கைகாரர், சந்தேகமில்லை. ஆனால் அவர் ஏற்காட்டுப் பனியைப் பார்த்ததில்லை, அவர் கட்டிய சட்டம் இருபது வருடம்தான் நின்றது. அம்மாப்பேட்டை ஆசாரி வண்டி எங்கே நிற்கப்போகிறது என்று கேட்டு, மரத்தைப் பார்த்து, ஒரு நூல் விட்டிருக்கிறார். டெர்பியில் இன்ஜினுக்கு எடுத்த கவனத்துக்கு அது ஒரு மாற்றுக் குறைந்தது இல்லை. அந்தக் கதவைத் தூக்கிப் போடச் சொன்னால் என்னால் முடியாது.

புதுப் பலகை எழுதக் கொடுத்துவிட்டேன். "சேசிஸ்: டெர்பி, 1931. பாடி: சேலம், 1950-கள்." அதற்குக் கீழே ஆசாரியின் பெயர். இந்த இழையில் அவர் பெயரைப் போட மகன் வேண்டாம் என்றார். பலகையில் போடுவதற்கு மட்டும், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தலையாட்டினார்.

11 ஆகஸ்ட் 2024

நேற்று அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன், பஸ்ஸில். வண்டியைக் கீழே இறக்கினால் மரம் காய்ந்து அளவு மாறிவிடும், பனியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றார். நான் வைத்த பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கண் தெரியாவிட்டாலும் கட்டை விரலை இடைவெளியில் ஓட்டிப் பார்த்தே சொன்னார், "இங்க சரி, இங்க இன்னும் கொஞ்சம்." மூன்று கதவு சரியாகிவிட்டது. பின் இடது கதவில் கீல் பக்கம் நான் ஆணி அடித்த இடத்தில் மரம் பிளந்திருக்கிறது, அதற்கு வாகைத் துண்டு வேண்டும்.

சேலம், ஓமலூர் பக்கம் யாரிடமாவது நன்றாகக் காய்ந்த பழைய வாகை இருந்தால் சொல்லுங்கள். மூன்றடி நீளம், நான்கு அங்குல அகலம் போதும். புது மரம் வேண்டாம்.